திரைக்கு அடித்த ஆணி

எங்கள் எட்டுக் கணினிகளையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வெறும் லொறி காலையிலேயே பாடசாலை வாசலில் வந்து நின்றுவிட்டது. கல்வி அதிகாரி பிறகுதான் வருவார், வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்றார்கள். பார்க்க முதலே லொறியை அனுப்புகிறவர் என்னத்தைப் பார்ப்பார்? எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று உம்மா சொல்லுவா. அன்று அது காலையிலேயே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்தேன், கணினி அறையும் என் தலையில்தான். யாரோ வெளிநாட்டார் கொடுத்த பழைய கணினிகள். பிள்ளைகளின் ஃபிளொப்பியில் இருந்து வைரஸ் ஏறி எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. அந்தக் கதை வலயக் கல்விக் கந்தோருக்குப் போய்விட்டது. பொம்பிளைப் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் நடத்த ஆள் இல்லை, ஆண்கள் பாடசாலைக்கு மாற்றுவோம் என்றார்கள். உங்கள் பிள்ளைகளும் பின்னேரத்தில் அங்கே போய்ப் படிக்கலாமே என்றும் சொன்னார்களாம். எந்த வாப்பா அனுப்புவார்? லொறி ஏறினால் அதோடு சரி, எங்கள் பிள்ளைகள் கணினியைக் கண்ணாலும் காணமாட்டார்கள்.

கெம்பஸில் படித்த என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது, வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சீடி ஒன்று கொண்டு வந்திருந்தான். அவன் திரும்பிப் போன பிறகும் நான் அதோடு மல்லுக்கட்டி முதலாம் கணினியை எழுப்பிவிட்டேன். சீடி போடும் வசதி அந்த ஒன்றில்தான் இருந்தது. ஆகவே அதன் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்தேன். அதைத்தான் இமேஜ் என்பார்கள். மற்ற ஏழையும் ஃபிளொப்பியில் எழுப்பி, நெட்வேர்க் வயர் வழியாக அந்த இமேஜை இழுத்துத் தங்கள் டிஸ்க்கில் எழுதச் செய்வதுதான் திட்டம். செய்திருப்பேன். கரண்ட் இல்லை. எங்கோ லைன் அறுந்து கிடந்து, லொறி வந்த அன்று காலைதான் வந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஏழையும் தொடக்கினேன். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கதவுப் பக்கச் சுவரோரம் முதலாம் கணினியோடு சேர்த்து நாலு, உள்பக்கச் சுவரோரம் நாலு. ஒரே கறுப்பு வயர்தான் கதவுப் பக்க நாலையும் கோத்து, மேலே ஏறி, கூரையைத் தாங்கும் நடு வளையின் மேல்விளிம்பால் போய், உள்பக்கம் இறங்கி மற்ற நாலையும் கோத்தது. அந்த வயருக்கு ஒரு குணம் இருந்தது. எங்கே ஓரிடத்தில் பழுதென்றாலும் முழு வயரும் செத்துப்போகும்.

இதற்கிடையில் பாடசாலைச் சபையின் செயலாளர் வந்தார். பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் ஹாஜியார். பிள்ளைகளைக் கணினி அறைக்கு விடுங்கள் என்று வாப்பாமாரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டவரே அவர்தான். கையில் ஒரு பெரிய பச்சைச் சீலை.

"டீச்சர், கந்தோர் ஆம்புளைகள் வாறாங்க. பொம்புளப் புள்ளைகள் உள்பக்கம் இருக்கட்டும், நடுவால திரை ஒண்டு போட்டுருவம். நான் பள்ளிவாசல்ல வாக்குக் குடுத்திட்டு வந்திருக்கன்."

"போடுங்க ஹாஜியார்" என்றேன். பிள்ளைகள் எல்லோரும் உள்பக்கம் போனார்கள். திரை போடுவதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. என் கண் முழுக்க, எவ்வளவு எழுதியாயிற்று என்று கணினிகளில் ஏறிக்கொண்டிருந்த இலக்கங்களில். அவர் பிள்ளைகள் இருக்கும் வாங்கில் ஏறி டொக் டொக்கென்று வளையில் அடிப்பது காதில் விழுந்தது. ஏறிக்கொண்டிருந்த இலக்கங்கள் நின்றன.

ஏழு திரையிலும் ஒரே வரி. சேர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன். சேர்வர் என்றால் இமேஜ் இருக்கிற முதலாம் கணினி.

"ஆர் வயர்ல கால வச்ச?"

"அல்லாஹ்வுக்காக டீச்சர், ஒருத்தரும் அசையல்ல!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஏழு டிஸ்க்கும் பாதியில் நிற்கின்றன, பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வெளியே ஜீப் சத்தம். எங்கள் பாடசாலை அதிபர் ஓடிவந்து எட்டிப் பார்த்தா. என் முகத்தைக் கண்டதும், "நான் அதிகாரிக்குத் தேத்தண்ணி குடுத்து நிப்பாட்டி வைக்கிறன், சுறுக்காப் பாருங்க" என்று போய்விட்டா. ஒரு மனிதன் எத்தனை தேத்தண்ணி குடிப்பான்?

வயரின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன மூடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் வேலை செய்யாது. பழுது எந்தப் பாதியில் என்று பார்க்க, உள்பக்கக் கடைசியில் இருந்த மூடியைக் கழற்றி வந்து, கதவுப் பக்க நாலோடு வயரைக் கழற்றிப் பிரித்து அங்கே பூட்டினேன். இந்தப் பக்கத்தில் மூன்று திரைகளும் உடனே உயிர் பெற்று, விட்ட இடத்திலிருந்தே எழுதத் தொடங்கின. அல்ஹம்துலில்லாஹ். பழுது அந்தப் பக்கத்தில், அல்லது இரண்டுக்கும் நடுவில். நடுவில் என்ன இருக்கிறது? நிமிர்ந்து பார்த்தேன். வளையில் பச்சைத் திரை அழகாகத் தொங்கியது.

வாங்கில் ஏறித் திரையின் மடிப்பை விலக்கினேன். கடைசி ஆணி வயரின் நடுவயிற்றால் போய் வளையில் இறங்கியிருந்தது.

"ஹாஜியார்! என்ன வேல பாத்திருக்கீங்க! வளையில இதத் தவிர வேற இடமா கிடைக்கல்ல?"

அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. "எனக்கென்ன தெரியும் மகள், வயர் மேலால ஓடுதெண்டு? இப்ப ஆணியப் புடுங்கினா திரை விழுந்திரும். இந்தப் பக்கம் நாலு ஓடுதே, காணாதா? அவர் இதப் பாத்திட்டுப் போகட்டும்."

"புள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம், ஓடுறதெல்லாம் இந்தப் பக்கம். நடத்த ஆளில்லையெண்டு சொல்றவருக்கு ஆளில்லாத கம்பியூட்டரயா காட்டுற? லொறி வாசல்ல நிக்குது ஹாஜியார். கண்ணத் திறந்து பாருங்க!"

வயதுக்கு மூத்தவரோடு அப்படிக் கதைத்திருக்கக் கூடாதுதான். கதைத்தேன். அவர் சுத்தியலை எடுத்து ஆணியைத் தானே பிடுங்கினார். திரையின் அந்த மூலை சரிந்தது. தரையில் விழ முதல் அதைக் கையால் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றார்.

"போங்க உள்ளுக்கு. இனி இந்த வளையில ஆணி அடிக்க மாட்டன், நான் புடிச்சிருக்கன்."

மூடியைப் பழைய இடத்தில் பூட்டி வயரைத் திரும்பக் கோத்தேன். நல்ல காலம், ஆணி உள்கம்பியை அறுக்கவில்லை. உள்பக்கத் திரைகள் நாலிலும் இலக்கங்கள் மீண்டும் ஏறின. அதோடு வேலை முடியவில்லை. ஒரே இமேஜில் இருந்து வந்தவை, எழும்பியதும் ஒவ்வொன்றும் நான்தான் முதலாம் கணினி என்று சொல்லும். பெயரையும் நெட்வேர்க் இலக்கத்தையும் மாற்றாவிட்டால் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். கதவுப் பக்கத்தை முடித்துக்கொண்டு உள்ளே வந்து, எழுதி முடிந்ததை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனேன். அப்போதுதான் சப்பாத்துச் சத்தம் கதவடியில் கேட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் அதிகாரி நாலு கணினியையும் சுற்றி வந்தது கேட்டது.

"ஓடுதே! ஆர் இதச் செஞ்ச? ஹாஜியார், நீங்களா?"

கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்துக் கேட்கிறார். ஹாஜியார் ஓம் என்று சொல்லிவிட்டால் சரியாகப் போயிற்று என்று பதறினேன். இந்த ஊரில் அப்படி ஓம் சொல்லிப் பேர் வாங்கியவர்கள் இல்லையா என்ன.

"நான் புடவைக்கடைக்காரன் சேர். இதுக்குத் தலை எது வால் எது எண்டும் தெரியா. எல்லாம் செஞ்சது எங்கட டீச்சர். டீச்சரும் புள்ளைகளும் உள்ளுக்கு வேல செய்றாங்க."

"உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு நான் எப்பிடிக் காணுற?"

பிறகு ஹாஜியாரின் குரல் எங்கள் பக்கம் வந்தது. "டீச்சர், எல்லாரும் முக்காடு சரியாப் போட்டிருக்கீங்களா?"

"ஓம் ஹாஜியார்."

அவர் கையை இறக்கினார். பச்சைச் சீலை பாதிக்கு மேல் தரையில் விழுந்தது. பிள்ளைகள் விசைப்பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசிக் கணினி மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

அதிகாரி எங்கள் பக்கம் வரவில்லை, அந்த மரியாதை அவருக்கு இருந்தது. "அங்கயிருந்து இஞ்ச ஏதாவது அனுப்பிக் காட்டுங்க" என்றார், நின்ற இடத்திலிருந்தே. எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, என்னைக் கேட்காமலே தட்டினாள். முதலாம் கணினியின் திரையில், ஆங்கில எழுத்தில் எழுதிய இரண்டு தமிழ்ச் சொல் வந்து விழுந்தது.

"இது எங்கட."

அவர் குனிந்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். யா றப்பே, இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓம், உங்கடதான்" என்றார் அவர்.

வாசலில் லொறி ஸ்டார்ட் எடுக்கும் சத்தம் கேட்டபோதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஹாஜியாரும் தோளைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பின்பெட்டி வெறுமையாகக் கிடக்க, லொறி பள்ளத்தில் தடதடவென்று ஆடிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஏறியது.