அவர் என்று சொன்னவள்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. எந்நேரமும் நீராவிக்குள் நிற்பதால் சலவைப் பட்டறையில் அவளுக்கு ‘ஆவி’ என்று பெயர். மணிக்கட்டில் இருந்த தீக்காயம் வேலையில் பட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியால் அந்தச் சூட்டை வைத்தது புருஷன்.

அவன் தன்னை நெருங்கக் கூடாது, வேலையிடத்துக்கும் வரக் கூடாது என்று நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டால் போதும். மனு கொடுத்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா வெங்காயம் உரித்தபடி பாடம் நடத்தினாள்.

“சொல்லு, என்ன பண்ணினான்?”

“சூடு வச்சாரு.”

“வச்சாராம்! கும்பிட்டுட்டு வச்சாரா? வச்சான்னு சொல்லுடி.”

“வச்சா...ன்.”

“தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி சொல்றா பாரு.”

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு முதலில் நின்றது. கல்யாணமான புதிதில் வாய்தவறி ‘அவன்’ என்றதற்கு விழுந்த அறையில் ஒரு பல் போயிருந்தது. அக்காவுக்கு அது தெரியாது.

விசாரணையன்று அவன் வெள்ளைச் சட்டையில் வந்து எதிரே உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. ஒருமுறை செருமினான்.

“என்னம்மா நடந்தது?” என்றார் நீதிபதி.

“சூடு வச்சாருங்க. அவருக்குக் கோபம் வந்தா...”

அவனுடைய வக்கீல் எழுந்தார். “பயந்து நடுங்குறவங்க பேச்சாங்க இது? வாய் நிறைய மரியாதை! காயம் இஸ்திரிப் பெட்டியில பட்டது. தொழிலே அதுதான். சின்ன மனஸ்தாபம், அக்காக்காரி ஊதிவிடுறாங்க.”

அவள் வாயைத் திறந்தாள். மாற வேண்டியது ஒரே எழுத்து. எதிரே மறுபடி செருமல்.

“அவரு...” என்றாள்.

நீதிபதி கெட்டவரில்லை. களைத்திருந்தார். உத்தரவுக்கு இப்போது அவசியம் தெரியவில்லை, இருவரும் பேசிப் பாருங்கள் என்று வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“எத்தனை தடவடி சொல்லிக் கொடுத்தேன்?”

“சொன்னேன்க்கா. உள்ளுக்குள்ள சொன்னேன்.”

மறுநாள் சாயங்காலம் பட்டறை வாசலில் அவன் நின்றான். மேற்பார்வையாளர் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“ஆவி, உன்னைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சு. ராசா வீட்டுப் பொண்ணு நீ!”

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். கூடையில் சில விரிப்புகள் மிச்சமிருந்தன. அவற்றைத் தேய்த்து முடித்தாள். பிறகு, மடித்து அடுக்கியிருந்ததிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.