அப்பளத்தோடு வந்த பத்திரிகை

தாட்சாயிணியம்மா நடத்திய பத்திரிகை வட்டமாக இருக்கும். ஊரெல்லாம் பத்திரிகையை நீளமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆவடியில் ஓர் அம்மா அப்பள அளவுக்கு வெட்டிப் போட்டார். அதைப் பதினோரு வருஷம் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். என் கழுத்துவலிக்கு இன்றுவரை அந்த வட்டம்தான் காரணம், ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்து மாடியில் 'உத்தமன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்' என்று போர்டு மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த காலம் அது. கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்றும் என்னிடம் இருந்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பிரதி பிரதியாக விழும். கூழ் ஊற்றும் விழாவுக்கு நோட்டீஸ், சங்கத் தேர்தலுக்கு நோட்டீஸ் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். 1984-இல் ஒரு மத்தியானம் தாட்சாயிணியம்மா படியேறி வந்து, பென்சிலால் வட்டம் போட்ட காகிதம் ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"மாஸ்டர், இந்த ரவுண்டுக்குள்ளாற எய்த்து அடிச்சித் தர முடியுமா?"

"எதுக்கும்மா?"

"அப்பளக் கட்டு மேல வக்கிறதுக்கு. வெறும் பேப்பர்தான் வச்சிகினு கீறோம், அது வேஸ்ட்டாப் போவுது. நாலு சேதி போட்டா படிப்பாங்க இல்ல?"

"என்ன சேதி?"

"எங்க குவார்ட்டர்ஸ் லைன் சேதிதான். பேப்பர்காரன் டில்லில நடக்கறதெல்லாம் போடறான். எங்க கொயாயில தண்ணி எப்ப வரும்னு எவன் போடறான்?"

அவர் வீட்டுக்காரர் மணவாளன் டாங்கித் தொழிற்சாலையில் டர்னர். இருவரும் திருமழிசைப் பக்கம். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன தாட்சாயிணியம்மாவுக்கு, அச்சில் எதைப் பார்த்தாலும், கடலை மடித்த காகிதமாக இருந்தாலும், கடைசி வரிவரை படித்தாக வேண்டும்.

அன்று அவருக்குப் பின்னால் எவர்சில்வர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் ஜமீலா, குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு. வாணியம்பாடிப் பெண். அவள் வீட்டுக்காரர் சுலைமான் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். வட்டம் போட்டது அவள் வீட்டுத் தூக்கு மூடியை வைத்து. செய்தி எழுதுவதும் அவள்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னிடம் டைப் படித்த ஒருத்திக்கும் அந்தக் கை வரவில்லை.

இப்படித்தான் 'பக்கத்து வீடு' ஆரம்பமாயிற்று. பூந்தமல்லி மில்லில் உளுந்து அரைத்துக்கொண்டு வருவார்கள். பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்ப்பார்கள். தேய்க்கிற நேரத்தில்தான் ஆசிரியர் குழுக் கூட்டம். முதல் இதழை மையோடு நேராக அப்பளத்தின் மேல் வைத்துவிட்டார்கள். மேல் அப்பளத்தில் தலைகீழாக எழுத்து ஒட்டிக்கொண்டு, பாதிச் செய்தியை ஜனங்கள் எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த மாதம் ஜமீலா நடுவில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துச் சரிசெய்தாள்.

வட்டத்துக்குள் டைப் அடிப்பது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். மேலே இரண்டு சொல்தான் கொள்ளும். நடுவில் வர வர அகலமாகும், மறுபடி குறுகி, அடியில் இரண்டு சொல்லில் முடிய வேண்டும். அதனால் பெரிய செய்தியெல்லாம் நடுவில் இருக்கும். மூன்றாவது லைனில் தண்ணீர் ஐந்தேகாலுக்கு, இன்னார் மகள் பத்தாவது பாஸ், இன்ன தெரு விளக்கு எரியவில்லை என்று கட்டுக்குக் கட்டு செய்தி போகும். விளக்கு எரியாததைப் போட்டால் அடுத்த வாரம் எரியும். அதிகாரிகள் வீட்டிலும் அப்பளம் பொரிப்பார்கள் அல்லவா?

அடியில் வரும் அந்த இரண்டு சொல்தான் எங்களைக் கவிழ்த்தது.

1987 கடைசியில் சுலைமானுக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே ஜபல்பூருக்கு மாற்றலும் வந்தது. அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்து, தானே எழுதிக் கேட்டு வாங்கியது. அன்று அப்பளம் தேய்க்க உட்கார்ந்த ஜமீலா மாவின் மேலேயே அழுதாளாம்.

"எனக்குப் போக மனசே இல்லக்கா. அவங்க எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க, நான் எப்படி வாயத் தொறந்து சொல்லுவேன்? நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று தாட்சாயிணியம்மா கையடித்துக் கொடுத்தார்.

அந்த மாத இதழுக்கு ஜமீலா வரவில்லை, வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தாட்சாயிணியம்மா தனியாக வந்து, தன் கையால் கோணல்மாணலாக எழுதிய காகிதத்தைக் கொடுத்தார். ஜமீலா குடும்பம் ஜபல்பூர் போகிறது, சனிக்கிழமை எல்லாரும் வந்து வழியனுப்புங்கள் என்பதுதான் நடுச்செய்தி. அடித்து முடித்தேன். அடியில் இடம் காலியாக நின்றது.

"ரெண்டு சொல் குறையுதும்மா. ஏதாவது சொல்லுங்க, வட்டம் மொட்டையா நிக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். "அவளுக்கு மனமில்லைன்னு போடுங்க" என்றார்.

போட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பாருங்கம்மா, எவ்வளவு பொருத்தம் என்று ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. அவரும் தலையாட்டினார். கையடித்துக் கொடுத்தது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. இடம் நிரம்பியதுதான் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. பிரிவுக்கு இரண்டு நல்ல சொல் போட்டோம் என்று நினைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றினோம்.

திங்கட்கிழமை தொழிற்சாலை கேன்டீனில் ஒருவன் கேட்டிருக்கிறான்: "இன்னா பாய், ஊட்ல மனசில்லியாமே? யாரக் கேட்டு டிரான்ஸ்பர் வாங்கின?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுலைமான் அதிகம் பேசாத மனிதர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் என்று மணவாளன் சொன்னார். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாம்: "எனக்குச் சொல்லாதத ஊருக்குச் சொன்னியா?"

சனிக்கிழமை போக வேண்டியவர்கள் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். ஆட்டோ சத்தம் கேட்டு தாட்சாயிணியம்மா மாவுக் கையோடு வெளியே ஓடினார். ஜமீலா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்து, "ஏன்க்கா?" என்றாள். ஆட்டோ போய்விட்டது. வட்டம் போட வைத்திருந்த ஜமீலாவின் தூக்கு மூடி இவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

குற்றத்தில் எனக்கும் பாதிப் பங்கு. அதை நான் அவரிடம் ஒரு தரம் சொன்னபோது, "நீங்க மெசினு அடிக்கறவரு மாஸ்டர், வாக்கு குடுத்தவ நானு" என்று சொல்லிவிட்டார்.

ஜபல்பூருக்கு இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. மூன்றாவதை எழுதித் தானே கிழித்துவிட்டார். "கடுதாசி மொதல்ல அவரு கைக்குத்தான் போவும். நான் ஒண்ணு எய்தி, அவள இன்னொரு வாட்டி மாட்டி உடக்கூடாது" என்றார். அடுத்த இதழுக்கு வந்தபோது அடி வரியை மட்டும் வாயால் சொன்னார்: "ஜமீலா நலமான்னு போடுங்க. நலமான்னு கேட்டா யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

அதிலிருந்து எட்டு வருஷம், மாதா மாதம், அடியில் அந்த இரண்டு சொல். வடக்கே மாற்றலாகிப் போகிறவர்கள், டூட்டிக்குப் போய்வருகிறவர்கள், யாராக இருந்தாலும் இவர் ஸ்டேஷனுக்கே வந்து ஒரு கட்டு அப்பளத்தைக் கையில் திணிப்பார். "ஜபல்பூர்ல ஜமீலான்னு ஒரு பொண்ணு, சுலைமான் பாய் சம்சாரம்." தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர் குவார்ட்டர்ஸ் மாறிவிட்டார்கள் என்று வந்து சொன்னார். இன்னொருவர் வேறு யார் வீட்டிலோ கொடுத்துவிட்டு வந்தார். மற்றொரு புண்ணியவான் போய்ச் சேர்ந்ததும் தானே பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்பளம் அருமை என்று கடிதம் போட்டார். அந்த ஆளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு தரம், பள்ளிக்கூடச் சேர்க்கைச் செய்திக்கு இடம் போதவில்லை. "இந்த மாசம் மட்டும் அந்தக் கடைசி வரிய விட்டுடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அந்த எடம் அவுளது மாஸ்டர்" என்றார்.

பள்ளிக்கூடச் செய்தியில் ஒரு வரியைக் குறைத்தேன். மாதத்தில் ஒரு நாளாவது, வெளியே தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுப் படிக்கட்டைப் பார்ப்பார். தபால் அவர் வீட்டுக்கு வருமே தவிர என் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதற்கு வரப்போகிறது? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது.

1995-இல் மணவாளன் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமழிசையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அப்பளமும் நின்றது, பத்திரிகையும் நின்றது. "லைன் இல்லாம சேதி ஏது மாஸ்டர்?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜமீலாவின் மூடியைப் புது வீட்டுச் சமையலறையில் ஆணி அடித்து மாட்டியிருந்ததைக் கிரகப்பிரவேசத்தில் பார்த்தேன். அதில் சமைப்பதுமில்லை, எதையும் மூடுவதுமில்லை.

அடுத்த வருஷம் புஷ்பா என்ற பெண் ஒரு விண்ணப்பம் டைப் அடிக்க என்னிடம் வந்தார். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஆவடிக்கு மாற்றலாம். நான் அடித்துக்கொண்டிருக்கையில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய 'பக்கத்து வீடு' நாலைந்தை ஒட்டிவைத்திருந்தேன்.

"சார், இந்த அப்பளப் பேப்பர் உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"ஏன், நீங்க எங்க பாத்தீங்க?"

"ஜபல்பூர்ல எங்க வீட்டுக்கு மாசா மாசம் வருமே. ஒரு பாய் வீட்டம்மா அப்பளம் போடறாங்க. அங்க இருக்கற தமிழ்க்காரங்க எல்லாரும் அவங்ககிட்டதான் வாங்குவோம். கையால எழுதுவாங்க. அந்தப் பாய்தான் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து, உக்காந்து வெட்டிக் குடுப்பாரு."

என் விரல் விசைகளின் மேல் அப்படியே நின்றது.

"கடைசி வரி மட்டும் எப்பவும் ஒண்ணேதான் சார். அர்த்தம் கேட்டா சிரிப்பாங்களே தவிர சொல்லமாட்டாங்க. அது..."

"சொல்லாதீங்கம்மா" என்றேன். நான் போட்ட சத்தத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு கட்டு இருக்கா உங்ககிட்ட?"

மறுநாள் பாதி காலியான கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே காகிதம் இருந்தது. முத்து முத்தான அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் செய்தித்தாளில் சுற்றிவிட்டேன். முதலில் படிக்க வேண்டியவன் நான் இல்லை. இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு, பூந்தமல்லி போய், அங்கே பஸ் மாறித் திருமழிசையில் இறங்கினேன். வழியெல்லாம் பொட்டலம் மடியிலேயே இருந்தது.

தாட்சாயிணியம்மா பிரித்தார். எழுந்துபோய் ஆணியிலிருந்த மூடியை எடுத்துவந்து காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். காகிதம் ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது.

"வேற மூடி வாங்கிட்டா" என்றார்.

அப்புறம் மேலிருந்து வாய்விட்டுப் படித்தார். இன்ன பிளாக்கில் தண்ணீர் ஆறு மணிக்கு. ராஜம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயம். கேஸ் சிலிண்டர் செவ்வாய்க்கிழமை வரும். ஆவடி என்ற பேச்சே இல்லை. படித்துக்கொண்டே கீழே வந்தவர் அடி வரியில் நின்றுவிட்டார். காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

'இன்னும் மனமில்லை' என்று இருந்தது.

அவர் மூடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் 'நலமா' ஒன்றாவது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. எதை மன்னிக்கவேமாட்டாள் என்று நாங்கள் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோமோ, அதையே அவள் தன் கையால் மாதா மாதம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அதை உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உங்க மெசினு ஓடுமா மாஸ்டர்?"

"ஓடும்" என்றேன். மை காய்ந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நாளிக்கி மாவு அரைச்சிகினு வந்துடறேன். ஒரு கட்டு போதும். அந்தப் பொண்ணாண்ட அட்ரஸ் கேட்டு வையுங்க, தபால்லயே அனுப்பிடலாம். இனிமே யார் கைக்குப் போனா இன்னா?"

"கடைசி வரி என்ன போடறது?"

பஸ்ஸுக்கு என்னோடு ரோடு வரை வந்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் சொன்னார்.

"எனக்கும்தான்னு போடுங்க."

போட்டேன். இரண்டு சொல் கொள்ளும் இடத்தில் ஒரு சொல்தான், கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.