மூன்று விராலும் மச்சானின் வாளையும்

முதல் யுத்தம் தொடங்க இரண்டு வருஷம் இருக்கும்போது, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். பழைய அலமாரிக் கண்ணாடிகளைத் தேக்குச் சட்டத்தில் பொருத்தி, இடுக்குகளில் குங்கிலியம் காய்ச்சி அடைத்தது. நாலடி நீளம். கால்வாயிலிருந்து பதினெட்டுக் குடம் தண்ணீர் கொண்டுவந்தால் விளிம்பு வரை நிறையும். அதில் மூன்று விரால்கள் இருந்தன. காலையில் இரண்டு தடவை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து இரண்டு தடவை எண்ணுவேன்.

அந்தச் சமயத்தில் என் மனைவியின் அண்ணனுக்குத் திசையன்விளையில் நாற்பது நாள் வேலை வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. விரல் நீளத்திலிருந்து ஒரு வாளை மீனை வளர்த்து, அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பார். அதை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார்.

"மாப்ளே, நாப்பது நாளும் இது உம்ம பொறுப்பு. வேற யாரையும் நம்பி விடமாட்டேன்" என்றார்.

எனக்குச் சம்மதம்தான். ஆனால் வாளையும் விராலும் மற்ற மீனைத் தின்கிற மீன்கள். ஒன்றாக விடலாமா என்று குழம்பி, அடிக்கோலை எடுத்து நாலையும் அளந்தேன். விரால்கள் பதினொன்று, பதினொன்றரை, பதினொன்று அங்குலம். வாளை பன்னிரண்டு. ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றை ஒன்று விழுங்க முடியாது என்று முடிவு செய்தேன்.

சீவலப்பேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நீளத்தையா அளக்குதிய வாத்தியாரய்யா? அது வாயைப் பாருங்க, எம்புட்டுத் தூரம் கிழிஞ்சு கெடக்குன்னு. சோத்துச் சட்டியில கொண்டு பூனையை உக்கார வச்சிருக்கிய."

 வாளை வந்த நாலாம் நாள் காலை எண்ணினேன்: விரால் இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். வாளையை ஈரத்துணியில் பிடித்து, அதன் வயிற்றை நூலால் சுற்றி அளந்தேன். வந்த அன்று அதே நூலால் அளந்ததைவிட அரை விரற்கடை கூடியிருந்தது.

"தின்னுட்டு" என்றேன்.

"நேத்து சாயங்காலம் நாலு தவளைக்குஞ்சு போட்டியளே, அது எங்க போச்சாம்?" என்றாள் மனைவி.

போட்டதை மறந்திருந்தேன். ஆனால் நாலு தவளைக்குஞ்சுக்கு எவ்வளவு பருக்கும், ஒரு விராலுக்கு எவ்வளவு பருக்கும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஏழாம் நாள் காலை விரால் ஒன்றுதான் இருந்தது. பதினொன்றரை அங்குலத்து விரால். அது ஒரு மூலையில் அசையாமல் நின்றது. வாளை எதிர் மூலையில் அசையாமல் நின்றது. யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று தெரியவில்லை. எனக்குத்தான் பயம் அதிகமாயிற்று. வேறு பாத்திரத்தில் மாற்றலாம் என்று தோன்றவே இல்லை. வாளையை அதே சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கால்வாயில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எண்ணப் போனேன். தொட்டியில் ஒன்றுமே இல்லை.

சட்டத்தைத் தடவினேன், தொட்டிக்கு அடியில் பார்த்தேன். தின்கிறவனே இல்லாத தொட்டியில் மீனை யார் தின்றது? மூன்று நாள் கழித்து, அங்கணத்துக் கழிவுத் தண்ணீர் போய்ச் சேருகிற வாழைமூட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். சேற்றுக்குள் இரண்டு விரால் கிடந்தன, உயிரோடு. விளிம்பு வரை தண்ணீரை நிறைத்து, மூச்சு முட்டக்கூடாதென்று மூடியும் போடாமல் வைத்திருந்தவன் நான். அவை துள்ளி விழுந்து, ஈரத்தோடு ஈரமாக ஊர்ந்து போயிருக்கின்றன. மூன்றாவது அகப்படவில்லை. வாழையைச் சுற்றி ஒன்பது இடத்தில் தோண்டிப் பார்த்தேன்.

நாற்பதாம் நாள் மச்சான் வந்தார். சொன்னேன். மூடி போட்டுத் தொட்டியில் திரும்ப விட்டிருந்த இரண்டு விராலையும் குனிந்து பார்த்தார்.

"மூணுல ரெண்டு கெடைச்சாச்சு. அப்ப மூணாவத எம் பிள்ளைதான் தின்னுச்சா?"

"தெரியல மச்சான். காக்காயும் கொண்டு போயிருக்கலாம்."

"எண்ணத் தெரிஞ்ச ஆளுன்னுதான வே உம்மகிட்ட விட்டேன்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

அன்று மாலையே கையில் ஒரு தவளைக்குஞ்சோடு கால்வாய்க்குப் போனார். நானும் பின்னால் போனேன். நான் மீனை விட்ட படியில் உட்கார்ந்து, அதைத் தண்ணீரில் போட்டார். தண்ணீர் ஒருதரம் சுழித்து அடங்கியது.

"அதுதான்" என்றார் மச்சான்.

விராலும் அப்படித்தான் சுழித்து எடுக்கும் என்று எனக்குத் தெரியும்; அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அப்படிப் பதினோரு மாலை போனார். ஏழு மாலை தண்ணீர் சுழித்தது. அந்த ஏழில் எத்தனை வாளை, எத்தனை வேறு மீன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.