செவ்வாய்க்கிழமைகளில் பாடிய கிளார்

எடிசனிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயிலில் இருந்தபோது சுரேஷிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "கிளார் போயிட்டாடா. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." அவன் நினைத்தது சரிதான். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன்.

கலிபோர்னியாவில் ப்ளசன்டன் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவளாகவே உங்களில் பலர் அவளை அறிவீர்கள். அதற்கு முன் அவள் பிரெஞ்சில் பாடும் ஒரு ராக் குழு வைத்திருந்தாள். அது பதினான்கு மாதங்களே இருந்தது. அது முடிந்ததற்குக் காரணம் நான்.

குழுவின் பெயர் 'மார்தி'. பிரெஞ்சில் செவ்வாய்க்கிழமை. அன்றுதான் மென்பொருள் வேலை முடிந்து மூவரும் சுரேஷ் வீட்டு கராஜில் கூடுவோம். பாட்டும் பேஸ் கிட்டாரும் கிளார், கிட்டார் சுரேஷ், டிரம்ஸ் நான். புதுச்சேரிக்காரியான அவளுக்கு மட்டும்தான் பிரெஞ்சு தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லாமல் என்னை வாசிக்க விடமாட்டாள். "அர்த்தம் தெரியாம அடிச்சா அது வெறும் சத்தம்டா" என்பாள்.

தமிழிலேயே பாடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "எங்கப்பாவும் அம்மாவும் ப்ரெஞ்ச்லதான் சண்டை போடுவாங்க, பிள்ளைங்களுக்குப் புரியக் கூடாதுன்னு. ஒட்டுக் கேக்கத்தான் நான் அதைக் கத்துக்கிட்டேன். நான் பயந்ததெல்லாம் அந்த மொழியிலதான் இருக்கு" என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய வேறொன்றையும் கேட்கவில்லை. எங்களை நான்கு நகரங்களில் கச்சேரி செய்ய அழைத்துப்போகத் தயாராக இருந்த ஏற்பாட்டாளர் ஒருவர், கடைசிப் பாட்டையாவது ஆங்கிலத்தில் பாடச் சொன்னார். சரி என்றுவிட்டேன். மூன்று வாரம் அதை மறைத்தேன். வரிகளை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் எங்களைப் பார்க்க வந்த நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம் இருக்கையில் மேடைக்குப் பின்னால் அந்தத் தாளை அவளிடம் நீட்டினேன்.

படித்தாள். "அவருக்கு ஓகே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஒரே ஒரு பாட்டுதான், கிளார்."

"எப்போ சொன்னே?"

"மூணு வாரம் ஆச்சு."

சுரேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கிளார் தாளை மடித்து ஜீன்ஸ் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

எட்டுப் பாட்டுகள். ஒருமுறைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. கடைசிப் பாட்டுக்கு நான் குச்சிகளைத் தட்டித் தாளம் எண்ணத் தொடங்கினேன். எந்த மொழியில் பாடப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஏற்பாட்டாளர் கைகட்டி நின்றிருந்தார்.

ஆங்கிலத்தில் பாடினாள். தாளை எடுக்கவேயில்லை, ஒரு சொல் தவறவில்லை. அரங்கம் ஆரவாரித்தது. அவள் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு என் அருகே வந்து குனிந்தாள்.

"நீ ஓகே சொன்னதைப் பாடிட்டேன். அவர் முன்னாடி உன்னைப் பொய்யனாக்கல. இனிமே உன்கூட வாசிக்க மாட்டேன்."

அடுத்த செவ்வாய் நானும் சுரேஷும் கராஜைத் திறந்துவைத்து ஒன்பது மணிவரை காத்திருந்தோம். அவள் வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவள் நோயுற்றது தெரிந்து ப்ளசன்டன் போனேன். விமானத்தில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை வாசலிலேயே சொன்னேன். "இங்கிலீஷ்ல பாடினது பெரிய விஷயம் இல்லடா. எனக்கு முன்னாடி அவர்கிட்ட சொன்னே பாரு, அதுதான். மன்னிச்சிட்டேன்னு சும்மா சொல்ல மாட்டேன். உள்ள வா, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். மீன் குழம்பு பரிமாறினாள். அதுவே கடைசிச் சந்திப்பு.

செய்தி வந்த மறுநாள் அவள் கணவர் அந்தோணி அழைத்தார். "ஸ்டீபன், சர்ச்ல நடக்குற அஞ்சலியில அவ பாட்டு ஒண்ணு ப்ளே பண்ணணும். உங்க கடைசி ஷோல பாடின இங்கிலீஷ் பாட்டு ரெக்கார்டிங் இருக்கு. எல்லாருக்கும் புரியும். அதையே போட்டுடலாமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். "லியாகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

மறுமுனையில் அவர் குரல் கொடுத்துக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவர்களுடைய மகள் லியா ஃபோனை வாங்கினாள். "த ப்ரெஞ்ச் ஒன், அங்கிள். அம்மா டோல்ட் மீ."

இன்னொருவருக்காகச் சரி சொல்லப் போகும்போது இப்போது எனக்கு நாக்கு தடுக்குகிறது. கிளாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தடுக்கல்தான். அவள் இருந்தபோது அது எனக்கு வாய்க்கவில்லை.