கப்சிப்பில் எரிந்த மஞ்சள் விளக்கு

முப்பத்தொன்பது மணி நேரம். என் தோழி தமிழ்வாணியின் கால்கள் அவ்வளவு நேரம் ஓயவில்லை.

இதை நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. நான் இயற்பியல் படித்தவள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது. போன மாதம், மதுரையில், இருநூறு பேர் கூடியிருந்த இடத்தில் நடந்தது.

நானும் தமிழ்வாணியும் ஆனையூரில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் ஒரு ராத்திரியாவது ஆசை தீர ஆட வேண்டும் என்றாள். வண்டியூர் தாண்டி, ரிங் ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு கிளப் திறந்திருந்தார்கள். பெயர் 'கப்சிப்'. உள்ளே யாரும் பேசக் கூடாது. பேசினால் பத்துத் தோப்புக்கரணம். ஸ்பீக்கர் கிடையாது. ஆளுக்கொரு ஹெட்போன். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் குத்துப்பாட்டு, நீலம் என்றால் மெலடி, பச்சை என்றால் இங்கிலீஷ்.

"உனக்குன்னே கட்டி வச்சிருக்காய்ங்கடி ஆன்மேரி. வாயே தொறக்க வேணாம். கெளம்பு."

எனக்குக் கூட்டம் என்றாலே கை வியர்க்கும். இருந்தும் அவளுக்காகப் போனேன்.

அந்த இடம் முன்பு கல்யாண மண்டபம். மணமேடையை இடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றும் வழக்கத்தையும் மாற்றவில்லை. வழுவழுப்பான கடப்பாக் கல் தரையில் எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். தமிழ்வாணி அன்று கால் நகங்களுக்கு மெரூன் பூச்சு அடித்திருந்தாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு இல்லை. பேச்சு இல்லை. நானூறு பாதங்களின் சத்தம் மட்டும். தப்… தப்… சிவப்புக்காரர்களின் கால்கள் ஒரே நேரத்தில் விழுந்தன. நீலக்காரர்கள் மெதுவாக. பச்சைக்காரர்கள் இடையில். கண்ணை மூடிக்கொண்டே மூன்று தாளத்தையும் பிரிக்க முடிந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை இரவு மணி 11.05.

நான்காவதாக ஒரு தாளம் கேட்டது.

நிதானமான அடி. ஒவ்வோர் அடிக்கும் உலோகம் கல்லில் தட்டும் ஒலி. தப்… டிக். தப்… டிக். மெட்டி போட்ட கால் நடப்பது போல. சத்தம் மணமேடையிலிருந்து வந்தது.

மேடையில் யாரும் இல்லை.

கூட்டத்தின் நடுவே ஆடிக்கொண்டிருந்த தமிழ்வாணி மேடைப் பக்கம் திரும்பினாள். அவள் காதில் எரிந்த விளக்கு மஞ்சள்.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சளாகத் தெரியும் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் ஒரு ஹெட்போன் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்கும்… வாசலில் ஹெட்போன் கொடுத்த செல்வக்குமாரிடம் ஓடி, அவளைக் காட்டினேன். அவர் கிசுகிசுத்தார்.

"மூணு கலர்தாக்கா இருக்கு. மஞ்சளே கெடையாது."

"அப்ப அது என்னண்ணே?"

அவர் பார்த்தார். ஓடிப்போய் மொத்த ஒலிபரப்பையும் அணைத்தார்.

11.12. எல்லா விளக்குகளும் அணைந்தன. எல்லாக் கால்களும் நின்றன.

தப்… டிக். தப்… டிக்.

மேடையில் இப்போது தமிழ்வாணி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் விளக்கு அணையவில்லை.

இரண்டு ஜோடிக் கால்களின் சத்தம். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ஜோடி.

நான் மேடைக்கு ஓடினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கழட்டுடி… நிக்க மாட்டேங்குது."

ஹெட்போனைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. 'டிக்' நின்றது.

அவள் கால்கள் நிற்கவில்லை.

நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள். கண் மூடியது. கால்கள் ஆடின. வலிப்பு என்றார்கள். பிறகு வலிப்பு இல்லை என்றார்கள். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். விரல்கள் ஆடின. அதே தாளம்.

உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. ஒவ்வொரு விரலிடுக்கிலும் நான்தான் பஞ்சால் துடைத்தேன். மெரூன் பூச்சு உரிந்துபோயிருந்தது. அவள் பாதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன்.

தசை இப்படிச் சிதைந்தால் சிறுநீரகம் தாங்காது என்றார் டாக்டர். அது எனக்குப் புரிந்தது. அது மட்டும்தான் புரிந்தது.

திங்கட்கிழமை மதியம் 2.05. கால்கள் ஓய்ந்தன.

"நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்.

நான் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மானிட்டரைப் பார்க்கவில்லை.

அன்று இரவு டி. கல்லுப்பட்டியில், அவள் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து அவள் அம்மா ஒச்சாயி வெள்ளைத் துணியால் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கட்டு தளர்ந்திருந்தது.

மறுபடி கட்டினார். இறுக்கி, இரண்டு முடிச்சு.

தளர்ந்திருந்தது…

மூன்றாம் முறை குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏ தாயி… இங்க வா."

போனேன். அவர் விரல் மகளின் இரண்டாவது கால்விரலைப் பிடித்திருந்தது. அதில் ஏதோ மங்கலாக மின்னியது. அதைச் சுற்றித் தோல் வெளுத்துப் பள்ளமாகியிருந்தது.

முப்பத்தொன்பது மணி நேரம் நான் துடைத்த விரல்.

"மெட்டி தாயி இது… போட்டுப் பல வருசமாகித் தேஞ்ச மெட்டி. எம்புட்டு இழுத்தாலும் கழட்ட வரல."