ஏசுராஜ் உடைத்துக் கொடுத்த வெல்லம்

"குடிச்சிக் குடிச்சித்தான் எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதா? நீ வந்து ஊத்திக் குடுத்தியா, சவுரியம்மா?" குழாயடியில் குடத்தை நங்கென்று வைத்துக் கேட்டாள் ஞானசுந்தரி.

"இல்லன்னா எக்ஸ்ரேவ இன்னாத்துக்கு அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சி வெக்கிறாரு? கண்ணால பாத்தேன்."

ஞானசுந்தரி குழாயைத் திறந்துவிட்டாள். வீட்டுக்குள் கட்டிலில் இருந்த அவள் கணவர் ஏசுராஜின் காதில் எல்லாம் விழுந்தது.

அந்த மனிதர் சொட்டு குடித்ததில்லை, பீடி தொட்டதில்லை. எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணலாம். ஆம்பூர் தோல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பஃபிங் மெஷின். தோலை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை; மாவு மில்லைப்போலத் தூசு பறக்கும். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் தின்றால் தூசெல்லாம் வயிற்றில் இறங்கிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பக்கத்து மெஷின் தபரேஸ் ஒருநாள் மாஸ்க் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா பாய், ஆபரேஷன் பண்ணப் போறியா? கழட்டு. வெல்லம் இருக்கச்சொல்ல உனக்கு இன்னா பயம்?" என்று பாதிக் கட்டியை உடைத்துக் கொடுத்தவர் ஏசுராஜ்தான். அதற்குப் பிறகு தபரேஸ் மாஸ்க் கட்டவேயில்லை.

போன மாதம் டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நுரையீரல் பஞ்சு மாதிரி விரிஞ்சி சுருங்கணும். தூசு உறுத்தி உறுத்தி உள்ள புண்ணாகி, ஆறின எடமெல்லாம் தழும்பா தடிச்சிடுச்சு. தழும்பு விரியாது. காத்து ரத்தத்துல சேராது."

தழும்பு விழுந்த தோலை ஏசுராஜ் எத்தனை ஆயிரம் பார்த்திருப்பார்! எவ்வளவு எண்ணெய் ஊட்டினாலும் அந்த இடம் மட்டும் இழுத்தால் வராது.

"தெனம் வெல்லம் சாப்பிட்டேனேம்மா?"

"வெல்லம் வயித்துக்குப் போகுதுய்யா. தூசு போற வழி வேற."

அன்றைக்குக் குனிந்த தலைதான். குடிகாரன் என்று தெரு பேசினால் பேசட்டும். எக்ஸ்ரே வெளியே வந்தால் தபரேஸ் கேட்பான். அவன் முகத்தைப் பார்த்து வெல்லக் கதையைச் சொல்ல வேண்டுமே!

ஞானசுந்தரி குடத்தோடு உள்ளே வந்தாள். "தபரேஸ் பாய்க்கு ரெண்டு மாசமா இருமலாம். அவரு பொண்டாட்டி கடையில வெல்லம் வாங்கினு போறாங்க."

ஏசுராஜ் எழுந்தார். டிரம்முக்குப் பின்னாலிருந்து எக்ஸ்ரே கவரை உருவினார்.

"எங்கய்யா போற, இந்த மூச்ச வெச்சிக்கினு?"

"அவன் வூட்டுக்கு. நான்தான் கழட்டச் சொன்னேன், சுந்தரி. நானே போய்ச் சொல்றேன்."

குழாயடியில் சவுரியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரேவை மறைக்காமல் கையில் பிடித்தபடி, கதவு நிலையைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டு, ஏசுராஜ் வாசலைத் தாண்டி இறங்கினார்.