டீக்கு முந்தின அரை மணி நேரம்

ஐந்தருவியில் பழக்கடை போட்டால் அருவியைவிடச் சத்தமாகக் கத்தத் தெரியணும்; பழத்தின் ருசியெல்லாம் அதுக்கப்புறம்தான். தைராய்டு மாத்திரை முழுங்கும் சக தியாகிகளே, அந்தத் தொண்டைதான் எனக்குப் படுத்துக்கொண்டது.

கரகர

எங்கள் கடையில் கூவுகிற வேலை என்னுடையது. கண்டக்டர், போலீஸ்காரர், எங்கள் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் என்று குரல் மாற்றிக் கூவுவேன். ஜனம் சிரித்துக்கொண்டே வந்து வாங்கும். இந்த சீசனில் யாரை எடுத்தாலும் ஒரே கரகரப்புதான் வந்தது. எல்லாரும் சாரலில் குளிக்க ஓட, நான் ஸ்வெட்டருக்குள் தூங்கி வழிந்தேன். பழம் பொறுக்கிய ஒரு அம்மா நிமிராமலே கேட்டாள்: "அண்ணாச்சி, மங்குஸ்தான் கிலோ என்ன வெல?"

பதினேழு வயசுப் பொம்பளப் பிள்ளையைப் பார்த்து!

ரிப்போர்ட்

தென்காசி டாக்டரம்மா ரத்தம் சோதித்துவிட்டு, "தைராய்டு மந்தம், டி.எஸ்.எச். அதிகம்" என்றார். மந்தம் என்றால் எப்படி அதிகமாகும்? கழுத்துச் சுரப்பி வேலை செய்யாததால், மூளைக்கடியில் இருக்கிற சுரப்பி 'வேலை செய், வேலை செய்' என்று அதைப் பார்த்துக் கத்துகிறதாம். அந்தக் கத்தலின் அளவுதான் டி.எஸ்.எச். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் குரல் திரும்ப வாய்ப்பிருக்கிறது என்றார். எனக்கு அது ஒன்றுதான் வேணும்.

அப்பா யோசித்தார். "அப்போ கத்துததும் இவதான், தூங்குததும் இவதானா?"

சாட்சி

வெறும் வயிற்றில், தண்ணீரில் போடணும் என்று உத்தரவு. விடியக்காலைச் சாரலில் கடை திறக்கிறவளுக்கு டீ இல்லாமல் கை அசையுமா? டீயிலேயே முழுங்கினேன். அம்மா போனில் விசாரித்தால், பக்கத்து டீக்கடை அண்ணாச்சி குரலில், "தண்ணியிலதான் போட்டா தாயி, நான் பாத்தேன்" என்பேன். அந்தத் தொண்டைக்குப் பொருந்திய ஒரே குரல் அது.

ஆறு வாரம் கழித்தும் டி.எஸ்.எச். அசையவில்லை. அம்மா நேரே டீக்கடைக்குப் போய், "பாத்தேன்னு சொன்னீயளே!" என்று நின்றாள். அண்ணாச்சி விழித்தார். "நான் எப்பத் தாயி சொன்னேன்? அவ தினமும் என் டீயிலல்லா முழுங்குதா!"

நாலு நிமிஷம்

இப்போது தண்ணீர்தான். அரை மணி நேரமாவது டீ கிடையாது. பழத்தை அடுக்குவேன், கலைப்பேன், கடையைச் சுற்றுவேன், மணி பார்ப்பேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும்.

அடுத்த ஆறு வாரத்துக்குள் ஒருநாள் தொண்டைக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து இறங்கினார். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா குரலிலேயே "நெக்ஸ்ட்!" என்றேன், வெளியே இருந்தவர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடினார். "குரல் வந்துட்டுன்னு மாத்திரைய நிறுத்திராத ஏட்டி. மாத்திரையாலதான் அது வந்திருக்கு."

ஊரில் அத்தனை பேர் குரலையும் ஓசியில் எடுத்தவளுக்கு, சொந்தக் குரலுக்கு மட்டும் தினமும் ஒரு மாத்திரை சந்தா.